எங்களிடமும் கேளுங்கள்: நரம்புச்சிதைவு நோய் ஆய்வகத்தில் பணியாற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும், ஆய்வு மாணவர்களுக்கும், ஆய்வக உதவியாளர்களுக்கும், விலங்கறையில் எலிகளைப் பராமரிக்கும் பணியாளர்களுக்கும் வணக்கம்.

கடந்த பிப்ரவரி 28 அன்று, தேசிய அறிவியல் நாளை ஒட்டி, உங்கள் ஆய்வகத்தைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருந்தீர்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே, மகளின் தோளைப் பற்றிக்கொண்டு, மிகச் சிறிய அடிகளாக எடுத்து வைத்து நடந்து வந்த ஒரு முதியவரை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அவர் என் அப்பா. பண்ருட்டிக்கு அருகே காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரி விவசாயி. வயது 77. பன்னிரண்டு ஆண்டுகளாக, நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயுடன் வாழ்ந்து வருகிறார். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். கூட்டுறவு வங்கியொன்றில் வேலை. அறிவியல் படித்தவள் அல்லள். இந்த மடலில் நான் எழுதும் அறிவியல் எல்லாம் அப்பாவின் நோயை முன்னிட்டு நானாகத் தேடிப் படித்ததும், அன்று உங்கள் மாணவர்கள் பொறுமையாகச் சொல்லித் தந்ததும்தான்.

அன்று நான் சொல்ல நினைத்து வந்ததைச் சொல்லவில்லை. கூட்டமும் தயக்கமும் தடுத்துவிட்டன. அதைத் தனிக்கடிதமாக அனுப்பாமல் பொதுவில் எழுதுவதற்குக் காரணம், கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்த நோயோடு வாழும் மற்ற வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும், படித்துவிட்டு உங்களைத் தேடி வர வேண்டும் என்ற ஆசைதான்.

முதலில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஆராய்ச்சிக்கூடம் என்றால் கண்ணாடியும் எஃகுமாகப் பளபளக்கும் என்று எண்ணியிருந்தேன். நான் கண்டதோ, பழைய பீரோக்கள் வரிசையாக நிற்கும் நடைவழியும், மைனஸ் 80 டிகிரிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்த ஒரு தாளும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டியின் வெப்பநிலையை யாரோ ஒருவர் பேனாவால் குறித்து, பக்கத்திலேயே கையொப்பம் இட்டிருந்தார். இரவு இரண்டு மணிக்கும் கையொப்பம் இருந்தது. காலை ஆறு மணிக்கும் அதே கையொப்பம் இருந்தது. உள்ளே உண்ணக் கூடாது என்பதால் மாடிப்படியில் அமர்ந்து, ஆறிப்போன டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த மாணவியிடம், ஞாயிற்றுக்கிழமையும் வருவீர்களா என்று கேட்டேன். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை செல்களுக்கு ஊட்டநீர் மாற்றியாக வேண்டும், அவற்றுக்கு ஞாயிறு திங்கள் தெரியாது என்றார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த இரவில், மின்சாரம் அற்றுப்போன அந்தக் கட்டடத்தில் இரண்டு மாணவர்கள் விடிய விடிய ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். அன்றிரவு நாங்கள் மஞ்சக்குப்பத்தில் தண்ணீர் வாசற்படியைத் தொடுமோ என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் அப்பாவைப் போன்றவர்களின் நோய்க்காக யாரோ இருவர் அதே மழையில் விழித்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இரவு எனக்குச் சற்று எளிதாகக் கழிந்திருக்கும்.

நெட் தேர்வில் தேறி இளநிலை உதவித்தொகை பெறும் ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காதவர்களின் நிலைமையையும், கிடைத்தும் பல மாதம் கழித்து மொத்தமாக வரவு வைக்கப்படுபவர்களின் நிலைமையையும், வங்கி முகப்பில் உட்கார்ந்திருக்கும் நான் மாணவர்களின் கணக்குப் புத்தகங்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

விலங்கறையில் நான் சந்தித்தவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் இருப்பவர். சுழலும் தண்டின் மேல் எலி எத்தனை வினாடி நிற்கிறது என்று மாணவர்கள் அளந்து பார்ப்பதற்கு முன்பே, எந்த எலி தளரத் தொடங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடுமாம். "வால் தொங்குற விதத்திலயே தெரிஞ்சிடும்மா" என்றார். என் அம்மாவும் அப்படித்தான். மாத்திரையின் வேகம் தணிந்து அப்பாவின் உடல் இறுகப் போவதை, அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும் ஓசையிலேயே கண்டுகொள்வார். இத்தகைய அறிவு எந்தக் கருவியிலும் பதிவாவதில்லை. உங்கள் கட்டுரைகளின் இறுதியில் நன்றி சொல்லும் இடத்திலாவது அந்தப் பணியாளரின் பெயர் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று உங்கள் மாணவர் ஒருவர் நுண்ணோக்கியில் இரண்டு தகடுகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். இரண்டும் எலியின் நடுமூளையிலிருந்து வெட்டிய மெல்லிய சீவல்கள். உடலசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற பொருளைச் சுரப்பவையும் இந்த நோயில் அழிந்துபோகிறவையுமான நரம்பு செல்கள் பழுப்பு நிறமேறித் தெரிந்தன. முதல் தகட்டில் அவை அடர்ந்திருந்தன. நஞ்சூட்டப்பட்ட எலியின் தகட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்றன. அப்பாவுக்குக் கழுத்து எளிதில் வளையாது. நாற்காலியை உயர்த்திப் போட்டு, தலையைத் தாங்கிப் பிடித்து அவரையும் பார்க்கச் செய்தீர்கள். வெகு நேரம் பார்த்துவிட்டு, "தானே புயலுக்கு அப்புறம் நம்ம காடு இருந்த மாதிரி இருக்கு" என்றார். பிள்ளைகள் எவருக்கும் அது புரியவில்லை. உங்கள் மாணவருக்குப் புரிந்தது. அவரும் இந்த மாவட்டத்துக்காரர்தான்.

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. "ஐயா, உங்க கையைக் கொஞ்சம் பிடிச்சுப் பார்க்கலாமா?" என்றார். அப்பா கையை நீட்டினார். முழங்கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தவர், பல்சக்கரம் தடுக்கித் தடுக்கிச் சுழல்வது போல அந்தக் கை விட்டுவிட்டு மடங்குவதை உணர்ந்ததும் சற்று நேரம் பேசாமல் நின்றார். நான்கு ஆண்டுகளாக இந்த நோயை ஆராய்ந்து வருபவர், அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், அந்த நோயுள்ள ஒரு மனிதரைத் தொட்டது அன்றுதான் முதன்முறை என்று பிறகு என்னிடம் சொன்னார். அதை ஒளிவுமறைவின்றிச் சொன்னதற்காக அவர் மீது எனக்கு மதிப்பு கூடியது. அதே சமயம் ஒரு கேள்வியும் எழுந்தது. உங்கள் ஆய்வகத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே பேருந்தில் போனால் சில மணி நேரத் தொலைவுதான். இத்தனை ஆண்டுகளில் உங்களில் எவரும் எங்களைத் தேடி வரவில்லை. நாங்களும் உங்களிடம் வரவில்லை. இது ஏன் இப்படி இருக்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் காலத்தைத் தானேவுக்கு முன், தானேவுக்குப் பின் என்றுதான் சொல்வார்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த அந்தப் புயல், தாத்தா நட்ட முந்திரி மரங்களையும் பலா மரங்களையும் ஒரே விடியலில் வேரோடு சாய்த்துப் போட்டது. விழுந்த மரங்களை வெட்டி அகற்றும்போது அப்பாவின் வலக்கையில் அரிவாள் ஓங்கவில்லை. முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியவில்லை. பேச்சு தணிந்து போயிற்று. காட்டை இழந்த துயரத்தில் மனுசன் ஒடுங்கிவிட்டார் என்று ஊரே சொன்னது, நாங்களும் நம்பினோம். முகத்தசைகள் அசைவற்றுப் போவது இந்த நோயின் அறிகுறி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கையை உயர்த்த முடியாததைத் தோள்பட்டை இறுக்கம் என்று சொல்லி, ஏறக்குறைய ஓராண்டு அதற்கே மருத்துவம் நடந்தது. அப்பாவுக்கு அன்று நடுக்கமே இல்லை. நடுக்குவாதம் என்று நம்மவர்கள் பெயர் வைத்துவிட்டதால், நடுங்காத ஒருவருக்கு இந்த நோய் இருக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை. 2013-இல்தான் நோயின் பெயர் தெரிந்தது.

ஆனால் நோய் தானேவில் தொடங்கவில்லை. அதற்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அப்பாவுக்குப் பலாப்பழ வாசனை தெரியாமல் போய்விட்டது. பண்ருட்டிக்காரர் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. விரலால் தட்டி ஓசையைக் கேட்டும், காம்புப் பக்கம் மோந்து பார்த்தும், எந்தப் பழம் இன்று அறுக்க வேண்டியது, எது நாளைக்கு என்று பிரித்துச் சொல்பவர் அவர். ஒரு சித்திரை மாதம், கொல்லையில் பழுத்து வெடித்திருந்த பழத்தைத் தாண்டிக்கொண்டு பேசாமல் போனார். சளி பிடித்திருக்கும் என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தார். தூக்கத்தில் கையைக் காலை உதறிக் கத்துவதும் அந்த நாட்களில்தான் தொடங்கியது. வாசனை மங்குவது, மலச்சிக்கல், கனவில் உடல் உதறுவது ஆகியவை கை கால் தளர்வதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே வரக்கூடும் என்று உங்கள் துறையினர் எழுதியிருப்பதை நான் பின்னாளில் படித்தேன். படித்துக்கொண்டே வந்தபோது எங்கள் வீட்டு வரலாற்றையே யாரோ எழுதி வைத்தாற்போல் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. முந்திரி பூக்கும் மாதங்களில் தேயிலைக் கொசுவுக்கும், தண்டு துளைப்பானுக்கும், பிறகு கத்தரிக்கும் கரும்புக்கும் என்று ஏறத்தாழ 35 ஆண்டுகள் அப்பா முதுகில் தெளிப்பானைச் சுமந்து மருந்து அடித்தார். முகமூடி கிடையாது, தோளில் கிடக்கும் துண்டுதான். கலக்குவது கையால். காற்று திரும்பினால் பாதி அவர் மேலேயே படும். நாம் அதை மருந்து என்றே சொல்கிறோம். கடையில் பூச்சிமருந்து வாங்கியவரும், இன்று ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை விழுங்குபவரும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

உங்கள் மாணவர் சொன்ன கலிபோர்னியா நிகழ்ச்சியை அப்பாவுக்கு நான் வீட்டில் மறுபடி சொன்னேன். 1982-இல் அங்கே போதைக்காகச் செயற்கைச் சரக்கை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள், முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல அசைவற்று உறைந்து போனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற பொருள், டோபமைன் செல்களையே தேடிச் சென்று அழித்திருந்தது. வில்லியம் லாங்ஸ்டன் என்ற மருத்துவர் அதைக் கண்டறிந்த பிறகுதான், நீங்கள் இன்று எலிகளுக்குக் கொடுக்கும் நஞ்சு உங்கள் கைக்கு வந்தது. அந்தப் பொருள் மூளைக்குள் மாறி எடுக்கும் வடிவம், பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் வேதியியல் உருவத்தை ஒத்திருப்பதால், பூச்சிமருந்துகளின் மீதும் களைக்கொல்லிகளின் மீதும் அப்போதே ஐயம் விழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் பாராகுவாட்டை நிறுத்திவிட்டது. நம் ஊர்க் கடைகளில் அது இன்றும் கிடைக்கிறது. ரோட்டினோன் என்ற மற்றொரு நஞ்சை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தினால் இதே நோயின் சாயல் வரும் என்பது 2000-இல் காட்டப்பட்டது. அமெரிக்காவில் விவசாயத் தொழிலில் இருந்தவர்களிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், பாராகுவாட்டையோ ரோட்டினோனையோ கையாண்டவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எலிக்கு எத்தனை நாள் மருந்து வைக்கிறாங்க?" சில ஆய்வுகளில் ஐந்து நாள், சிலவற்றில் ஒரு மாதம் அல்லது அதற்கு மேல் என்று நான் அறிந்ததைச் சொன்னேன். "எனக்கு முப்பத்தஞ்சு வருஷம்" என்றார். அதில் குறை சொல்லும் தொனி எதுவும் இல்லை. கணக்குச் சொன்னார், அவ்வளவுதான்.

அப்பாவின் நோய்க்குத் தெளித்த நஞ்சுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவரோடு சேர்ந்து தெளித்த பலர் நலமாக இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எதைத் தெளித்தீர்கள், எத்தனை ஆண்டு, எந்தப் பயிருக்கு என்று இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எவரும் அவரிடம் கேட்டதில்லை. நீங்கள் ஆராயும் நஞ்சுகள் வேறு. எங்கள் கொல்லைகளில் இறங்கிய நஞ்சுகள் வேறு. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்த எண்டோசல்பானை அப்பா அதற்கு முன் பல ஆண்டுகள் முந்திரிக்கு அடித்திருக்கிறார். மோனோகுரோட்டோபாஸ் அடித்திருக்கிறார். இவற்றை நினைவிலிருந்து மட்டும் சொல்லவில்லை. வரவு செலவை எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர் அவர். 1979 முதல் மருந்துக்கடையில் எதை, எத்தனை லிட்டர், எந்த விலைக்கு வாங்கினார் என்பது அவர் கையெழுத்தில் நோட்டுகளாக இருக்கிறது. தானேயில் கூரை பிய்ந்து இரண்டு நோட்டுகள் நனைந்து போயின. மற்றவை பரணில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் ஊரில் இப்படிக் கணக்கு எழுதியவர்கள் இன்னும் நான்கைந்து பேராவது இருப்பார்கள். எந்த மண்ணில், எவர் கையால், எவ்வளவு நஞ்சு என்பதற்கு இதைவிட நேரான சான்று உங்களுக்கு வேறெங்கே கிடைக்கும்?

கேட்பதால் அறிவு பிறந்ததற்குச் சான்று தேடி வெளிநாடு வரை போக வேண்டியதில்லை. சென்னை மருத்துவர்கள் தங்களிடம் வந்த இளம் நோயாளிகளை உற்றுக் கவனித்து, கை கால் மெலிவோடு காது கேளாமையும் முகத்தசைத் தளர்வும் சேர்ந்து வரும் ஒரு தனி வகை இயக்க நரம்பு நோய் தென்னிந்தியாவில் இருப்பதை 1970-இல் எழுதினார்கள். உலகம் இன்றும் அதை மெட்ராஸ் என்ற பெயரைச் சேர்த்தே அழைக்கிறது. அவர்கள் மேலைநாட்டுப் பாடநூலில் இருந்ததோடு நின்றிருந்தால் அந்த நோயாளிகளுக்குத் தங்கள் நோயின் பெயர்கூடக் கிடைத்திருக்காது.

நமக்குள் பேச்சு இல்லாததால் எங்களுக்கு ஒருமுறை பெரும் துன்பம் நேர்ந்தது. மூன்றாண்டுகளுக்கு முன், மூலிகைச் சாறு ஒன்று பார்க்கின்சன் நோயைக் குணமாக்குவதாகப் பல்கலைக்கழக ஆய்வில் தெரியவந்துள்ளது என்று ஒரு நாளிதழில் செய்தி வந்தது. எந்த இதழ், எந்த ஆய்வு என்பது இங்கே முக்கியம் இல்லை. சித்தப்பா அதைப் படித்துவிட்டு, ஆங்கில மருந்து உடம்பைக் கெடுக்கிறது என்று மாத்திரைகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். செய்தியில் வந்த மூலிகை கிடைக்காததால் நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைப் பொடியை வாங்கி வந்து கொடுத்தார். அவர் செய்தது அண்ணன் மீதுள்ள அன்பினால்தான். அதில் எனக்கு ஐயமே இல்லை. நான்காம் நாள் அப்பாவின் உடல் கட்டையாக இறுகி, காய்ச்சல் ஏறி, நினைவு தவறியது. அந்த மாத்திரைகளில் இருந்த லெவோடோபா என்ற மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதை மருத்துவமனையில்தான் அறிந்தோம்.

பூனைக்காலியில் உண்மை இல்லாமல் இல்லை. அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்ததை 1937-இல் சென்னையைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அந்த மருந்து பயன்படத் தொடங்கியதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முந்தைய செய்தி இது. எங்கள் வேலியோரத்தில் தினவெடுக்கும் கொடி என்று நாங்கள் ஒதுங்கிப் போன செடி அது. ஆனால் ஒரு தேக்கரண்டிப் பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. லெவோடோபா மூளையை அடையும் முன் வீணாகாமல் காக்க மாத்திரையில் அதோடு சேர்த்திருக்கும் கார்பிடோபா என்ற பொருள் பொடியில் இல்லை. இதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் மாணவியிடம் அன்று தெரிந்துகொண்டேன். இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் மூலிகைச் சாறு எலிக்கு நஞ்சுக்கு முன்பாகவோ நஞ்சோடு சேர்த்தோ கொடுக்கப்படுகிறது. செல்கள் அழியாமல் காக்கிறதா என்பதே அங்கு கேள்வி. என் அப்பாவைப் போன்றவர்கள், கை தளர்வது வெளியே தெரிவதற்குள்ளேயே அந்தச் செல்களில் பெரும்பகுதியை இழந்துவிட்டவர்கள். காப்பது வேறு, இழந்ததை மீட்பது வேறு. உங்கள் கட்டுரையில் இந்த வேறுபாடு தெளிவாகவே எழுதப்பட்டிருக்கும். செய்தித்தாளுக்கு வரும்போது அது உதிர்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு வரும்போது அது குணமாகும் என்ற ஒரே சொல்லாகிவிடுகிறது.

ஆகவே நான் கேட்பது: முனைவர் பட்ட ஆய்வு ஒவ்வொன்றும் முடியும்போது, அதில் என்ன செய்தீர்கள், என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்பதை ஒரே ஒரு பக்கத்தில், சித்தப்பா படித்தால் புரியும் தமிழில் எழுதி வெளியிடுங்கள். இந்த ஆய்வை நம்பி எவரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்ற ஒரு வரி அதில் இருந்தாலே போதும். சில உயிர்கள் தப்பும். நீங்கள் எதிர்பார்த்தது நடக்காத ஆய்வுகளையும் அவ்வாறே எழுதுங்கள். எங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்பவர்களால் உண்மையைத் தாங்க முடியும்.

எங்களிடம் உள்ளவற்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஓர் எடுத்துக்காட்டு. வீட்டு நடையிலும் வாசற்படியிலும் அப்பாவின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும். எவ்வளவு சொன்னாலும் நகராது. ஒரு மார்கழிக் காலையில் அம்மா போட்டிருந்த கோலத்தின் கோடுகளை மட்டும் அவர் தடையின்றித் தாண்டிப் போனதை அம்மா கண்டார். அன்று முதல் கூடத்திலிருந்து கழிப்பறை வரை, ஓரடிக்கு ஒரு கோடு என்று தினமும் கோலமாவால் குறுக்காக இழுத்து வைக்கிறார். அப்பா கோடு கோடாகத் தாண்டி நடக்கிறார். கண்ணுக்குத் தெரியும் கோடு நடையைத் தூண்டும் என்பது மருத்துவ உலகம் அறிந்ததே என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அம்மா அதை எந்த நூலிலும் படிக்கவில்லை. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். மாதத்தில் ஒரு நாள், நோயாளிகளும் வீட்டாரும் உங்கள் மாணவர்களோடு உட்கார்ந்து பேச ஓர் அறையைத் திறந்து வையுங்கள். தேநீரை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இனி எழுதப்போவது எனக்குக் கடினமானது. அப்பா சொல்லச் சொன்னதால் எழுதுகிறேன்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து ஊட்டநீர் மாற்றும் அந்த எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் செல்கள், 1970-இல் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலிலிருந்து எடுத்த புற்றுச் செல்களின் வழிவந்தவை என்று உங்கள் மாணவி சொன்னார். அப்பா அதைப் பற்றியே பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளைகிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. என்னைக் கேட்டா நான் தருவேனே" என்றார். மனித மூளையில் அந்த டோபமைன் செல்கள் இருக்கும் பகுதி கருநிறமானது. எலிக்கு அந்தக் கருமை இல்லை. எம்பிடிபி கொடுத்த எலிகளின் மூளையில், மனித நோயாளிகளின் செல்களுக்குள் 1912-இல் லூவி என்ற மருத்துவர் கண்ட புரத உருண்டைகளும் பொதுவாக உருவாவதில்லை. இன்னாருக்கு வந்தது பார்க்கின்சன் நோய்தான் என்று முழு உறுதியோடு சொல்ல, இறந்த பின் மூளையைப் பார்ப்பதே வழி. இவ்வளவும் தெரிந்திருந்தும், 35 ஆண்டுகள் நஞ்சு தெளித்து, அதைக் கணக்கும் எழுதி வைத்த ஒரு முந்திரி விவசாயியின் மூளையை, அவரே மனமுவந்து தர முன்வந்தாலும் எவரிடம் ஒப்படைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் மனித மூளைத் திசுக் காப்பகம் ஒன்று 1995 முதல் இயங்கி வருகிறது. காடாம்புலியூரிலிருந்து பெங்களூரு வெகு தூரம். மூளையை எவ்வளவு விரைவில் எடுக்கிறார்களோ அவ்வளவு பயன். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் வெளியூர் உறவினர் வந்து சேரும் வரைதான் உடலை வைத்திருப்பார்கள். வாய்க்கரிசி போட்டு அன்றே எடுத்துவிடுவார்கள். பக்கத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றும், உங்கள் ஆய்வகமும், பெங்களூருக் காப்பகமும் முன்கூட்டியே பேசி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்தால் ஒழிய இது நடக்காது. அந்தப் பேச்சைத் தொடங்க நோயாளியின் மகளால் முடியாது. உங்களால் முடியும்.

சித்தப்பா முதலில் ஒப்பவில்லை. மண்டையைத் திறந்த உடலை எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படிக் கொள்ளி வைப்பது என்று அழுதார். பின்னந்தலைப் பக்கமாகவே எடுப்பார்கள், முகம் கெடாது, உடலைத் திரும்பத் தந்துவிடுவார்கள், சடங்கு எதுவும் நிற்காது என்று நான் படித்ததைச் சொன்னேன். என்னைவிட உங்களில் ஒருவர் வந்து சொன்னால் அவர் மனம் ஆறுவார். மாத்திரையை நிறுத்திய குற்ற உணர்வை இன்றும் சுமந்துகொண்டிருப்பவர் அவர். அவரிடம் பேசும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தம் விருப்பத்தை ஒரு தாளில் எழுதியிருக்கிறார். எழுத்து எறும்பு ஊர்ந்தாற்போல் போகப் போகச் சிறுத்துவிட்டது. இருந்தாலும் படிக்க முடிகிறது. அம்மாவும் நானும் சாட்சிக் கையொப்பம் இட்டிருக்கிறோம். கணக்கு நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, ஆண்டு வாரியாக அடுக்கி வைத்துவிட்டேன். அவற்றை நீங்கள் படமெடுத்துக்கொள்ளலாம். மூலத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அப்பா அவ்வப்போது எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்.

காலை எட்டு மணி மாத்திரை ஒன்பதுக்கு மேல் வேலை செய்யத் தொடங்கும். அங்கிருந்து பதினொன்றரை மணி வரை அவர் நன்றாகப் பேசுவார், குரலும் தெளிவாக இருக்கும். வருவதானால் அந்த நேரத்தில் வாருங்கள். விலங்கறையில் பார்த்த அந்த அண்ணனையும் அழைத்து வரும்படி அப்பா சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு முந்திரி விவசாயியின் மகள்,
மஞ்சக்குப்பம், கடலூர்.